ஊசியக்கா வண்டியை எடுத்துக்கொண்டு போன கதை

ஊசியக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இது தெரியாமல் அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், பதிலுக்கு நாலு வார்த்தை கத்தினால் தீர்ந்தது. இவளோ கையில் இருக்கும் வேலையை நிறுத்தாமல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இரண்டே வாக்கியம் சொல்லுவாள். கேட்டவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. விடிந்தும் விடியாததுமாக ஸ்கூட்டரில் கிளம்பி, வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். சின்னச் சின்னக் குழாய்களில் பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். அந்தப் பகுதியில் சர்க்கரை வியாதி உள்ள எல்லோருக்கும் அவளைத் தெரியும். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊசியக்கா என்றால் போதும், தெருமுனையில் நிற்கும் ஆட்டோக்காரர் வரைக்கும் வழி சொல்லுவார். சந்து பொந்து, ஒருவழிப் பாதை, மழையில் தண்ணீர் தேங்கும் பள்ளம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வண்டியைக் கீழே போட்டதில்லை.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் தன் கையில்தான் இருக்கிறது என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் ஊசியக்காவுக்குப் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவள் கோபத்துக்குத் துணையாக நாலு பேராவது கிடைத்திருப்பார்கள்.

அவரிடம் ஒரு மோட்டார்சைக்கிள் இருந்தது. கனமான பழைய வண்டி. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடிப்படிக்குக் கீழே வைத்துத் துடைத்துத் துடைத்து அதன் பெட்ரோல் டேங்கில் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பாக வைத்திருந்தார். ஊசியக்காவுக்கும் மோட்டார்சைக்கிள் ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில், அண்ணன் வண்டியில் கற்றுக்கொண்டது. அப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது அடி விழுந்தது அண்ணனுக்கு. கல்யாணமாகி வந்த புதிதில், "உங்க வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"கியர் வண்டி உனக்கு எதுக்கு? கீழ போட்டா யார் தூக்குறது?" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு வேலை கிடைத்து, வேலைக்காக ஸ்கூட்டர் வாங்கினாள். சம்பளம் கொண்டுவரும் வண்டி என்பதால் அதற்கு மட்டும் வீட்டில் ஆட்சேபணை எழவில்லை.

பயண ஆசை வந்தது ஒரு நோயாளியின் வீட்டில். அந்த ஆள் குளியலறையை விட்டு வெளியே வருவதாகவே இல்லை. காத்திருந்தவள் சுவரில் மாட்டியிருந்த நாட்டின் வரைபடத்தைப் பார்த்தபடி நின்றாள். அவள் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்தக் கடற்கரையிலேயே. வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு கரையை விட்டு விலகி, தோப்புகளைத் தாண்டி, காட்டுக்குள் ஏறி, மலையைச் சுற்றி, மறுபக்கக் கடலில் போய் இறங்கியது. ஒரு விரலால் அதைத் தொட்டுக்கொண்டே போனாள். நாற்பது வயது தாண்டியும் மறுபக்கக் கடலைப் பார்த்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

அன்றைக்கே கூடாரம் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்துவிட்டாள். மழை தாங்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்த பச்சைக் கூடாரம். வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு விரித்துக் கட்டிப் பழகினாள். வேலைக்குப் போகும் மகள் மாலையில் வந்து பார்த்தால் வீட்டுக்குள் இன்னொரு வீடு நின்றது. பண்டிகை நாட்களிலெல்லாம் வேலை பார்த்துச் சேர்த்து வைத்திருந்த விடுப்பை மொத்தமாக எழுதிக் கொடுத்தாள். அவளுடைய ஸ்கூட்டர் மலை தாங்காது என்பதால், எல்லாம் தயாரான பிறகு புருஷனிடம் மோட்டார்சைக்கிளைக் கேட்டாள்.

"தனியாவா? ஊர் சிரிக்கும்" என்றார். மறுநாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பெரிய மனது பண்ணியவர் போல, "சரி, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து அது அவர் பயணமாகிவிட்டது. அவருடைய சிநேகிதர் மருந்துக்கடைக்காரரும் தன் வண்டியோடு சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து வழியைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். ஊசியக்கா டீ போட்டுக் கொடுத்தாள். எங்கே தங்குவது, எங்கே எரிபொருள் போடுவது என்று அவள் விசாரித்து வைத்ததையெல்லாம் அவர் தன் வாயால் சிநேகிதருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "கூடாரம் ரொம்ப நல்லா இருக்கே" என்றார் மருந்துக்கடைக்காரர். "பாத்துப் பாத்து வாங்கினோம்ல" என்றார் இவர்.

சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்து மகள் சொன்னாள், "விடும்மா. எப்படியோ போறீங்க இல்ல? அது போதாதா?"

"போதாது" என்றாள் ஊசியக்கா, வழக்கமான அந்தத் தாழ்ந்த குரலில். மகள் டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

கிளம்பிய நாளில் ஊசியக்காவுக்குக் கிடைத்த இடம் பின் இருக்கை. முதுகில் கூடாரப் பை, மடியில் சமையல் பாத்திரப் பை, முன்னால் புருஷனின் முதுகு. நாடு முழுவதையும் அவள் அவருடைய காதுக்குப் பக்கவாட்டில்தான் பார்த்தாள். இடதுபுறம் தென்னந்தோப்பு போனால் வலதுபுறக் காயல் கிடையாது. கழுத்தைத் திருப்பினால், "ஆடாத, பேலன்ஸ் போகுது" என்று முன்னாலிருந்து குரல் வரும். வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டை வியர்வையில் ஊறிக் காய்ந்து உப்புக் கோடு போட்டது. "கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றால், "இப்பதான் ஸ்பீடு புடிச்சிருக்கு" என்பார். அவருக்கு டீ குடிக்கத் தோன்றினால் மட்டும் வண்டி தானாக நிற்கும். டீக்கடைகளில் அவரைச் சுற்றி ஆட்கள் கூடுவார்கள். "வீட்டம்மாவ ஊர் சுத்திக் காட்ட கூட்டிட்டு வந்திருக்கேன்" என்று சொல்லுவார். அவர்கள் ஊசியக்காவைப் பார்த்துக் கொடுத்து வைத்தவள் என்கிற மாதிரி தலையாட்டுவார்கள்.

சாயங்காலம் ஒரு ஏரிக்கரையில் இறங்கினார்கள். தண்ணீர் தங்கமாக மின்னியது. கொக்குகள் கூட்டமாக இறங்கின. ஆண்கள் இருவரும் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வண்டியில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊசியக்கா கூடாரத்தை அடித்தாள், சுள்ளி பொறுக்கினாள், அரிசி களைந்தாள், முட்டை வேகவைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் மருந்துக்கடைக்காரர் ஏப்பம் விட்டு, "காட்டுல இப்படிச் சாப்பிடற சுகமே தனி, இல்ல?" என்றார். அவள் ஏரித் தண்ணீரில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் குழாய் இருந்தது, இங்கே குனிய வேண்டியிருந்தது. வேறு வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை.

இப்படியே சில நாள் போனது. கடற்கரை பின்னால் நின்றுவிட்டது. ரப்பர்த் தோட்டங்கள் வந்தன, பிறகு மூங்கில். மத்தியானம் சொல்லிவைத்த மாதிரி மழை கொட்டியது. துணி எதுவும் காயவில்லை. எல்லாவற்றிலும் பூஞ்சை வாடை. ஊசியக்கா ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வந்தாள். அவள் பேசாமல் வருவதை, களைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று புருஷன் எடுத்துக்கொண்டார்.

மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு ஆறு. அதன் மேல் கைப்பிடி இல்லாத தரைப்பாலம். மேலே எங்கேயோ பெய்த மழையில் தண்ணீர் செம்மண் நிறமாகப் பாலத்தின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. கரையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் இவர்கள் நின்றதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"இப்ப இறங்காதீங்க. கொஞ்சம் பொறுத்துப் போங்க, மத்தியானத்துக்குள்ள வடிஞ்சிடும். பாலத்து மேல பாசி வேற" என்றாள்.

"கேட்டீங்களா? இறங்குங்க, டீ போடறேன். வடியட்டும்" என்றாள் ஊசியக்கா.

"முழங்கால் தண்ணிக்குப் பயந்து டீ போட்டுட்டு உக்காந்திருந்தா என்னைக்குப் போய்ச் சேர்றது? கெட்டியா பிடிச்சுக்க."

"அப்ப நான் இறங்கி நடந்து வரேன்."

"நடந்தாதான் இழுத்துட்டுப் போகும். வண்டின்னா வெயிட்டு இருக்குல்ல? ஆடாம உக்காரு."

உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள் என்று பிற்பாடு தன்னையே பல தடவை கேட்டுப் பார்த்தாள். பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

பாதிப் பாலம்கூடப் போகவில்லை. முன்சக்கரம் பாசியில் வழுக்கி ஒரு பக்கமாகப் போனது. வண்டி அப்படியே சாய்ந்தது. தண்ணீர் காதுக்குள் புகுந்தது. அவள் கால் ஒன்று வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சூடான சைலன்சர் கெண்டைக்காலில் ஒட்டிச் சுட்டது. பாத்திரப் பை உருண்டு பாலத்து விளிம்பைத் தாண்டி ஆற்றில் போனது. புருஷன் அந்தப் பக்கமாகத் தெறித்து விழுந்து, ஒரு கையை ஊன்றி எழுந்தார். எழுந்தவர் தட்டுத் தடுமாறி வந்து பிடித்தது வண்டியின் கைப்பிடியை.

"ஆடாதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல! ஒரு நிமிஷம் சும்மா உக்கார முடியாதா உன்னால?" என்று கத்தினார்.

அவர் அதைச் சொல்லும்போது அவள் கால் இன்னும் வண்டிக்கு அடியில்தான் இருந்தது.

துணி அலசிய பெண் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி வந்தாள். அவளும் கரையிலிருந்து இறங்கி வந்த மருந்துக்கடைக்காரருமாக வண்டியைத் தூக்க, ஊசியக்கா காலை உருவிக்கொண்டாள். எல்லோருமாக வண்டியைத் தள்ளி, கிளம்பிய கரைக்கே வந்து சேர்ந்தார்கள்.

புருஷனின் இடது மணிக்கட்டு பன் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. ஊசியக்கா தொட்டுப் பார்த்தாள். எலும்பு விரிசல் விட்டிருக்கும் என்று பட்டது. ஒரு குச்சியை வைத்து, துண்டைக் கிழித்து, கையை அசையாமல் கட்டிவிட்டாள். பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தன் காலைப் பார்த்தாள். தோல் உரிந்து உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. துணி அலசிய பெண் சொம்பில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, அவள் போதும் என்று சொல்லும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். "எரியுதாக்கா?" என்று கேட்டாள். அந்தக் கரையில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

வெயிலில் காய்ந்த பிறகு வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஆனால் புருஷனால் கிளட்சைப் பிடிக்க முடியாது. இனி என்ன செய்வது என்று ஆண்கள் இருவரும் ஆலோசித்தார்கள்.

"உன் வண்டிய நான் ஓட்டிட்டு வரலாம். அப்ப என் வண்டி?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உன்னோடத இங்க விட்டுட்டுப் போகவும் முடியாது."

"நான் ஓட்டறேன்" என்றாள் ஊசியக்கா.

"லாரி கீரி வந்தா ஏத்திடலாம். டவுனுக்குப் போயிட்டா அங்கிருந்து ரயில்ல போட்டுடலாம்."

"நான் ஓட்டறேன்னு சொன்னேன்."

புருஷன் வலியோடு சிரித்தார். "இது ஸ்கூட்டர் இல்லம்மா. வீட்டுக்குப் போற நேரத்துல விளையாடாத."

"இப்ப கீழ விழுந்தது ஸ்கூட்டரா?"

மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மணல் லாரி ஒன்று ஆற்றோரத்திலிருந்து மேலேறி வந்தது. ஓட்டுநர் நல்ல மனுஷர். இறங்கி வந்து கையைப் பார்த்து உச்சுக் கொட்டி, பின்னால் இடம் இருக்கிறது, டவுன் ஆஸ்பத்திரி வாசலிலேயே விடுகிறேன் என்றார்.

"முதல்ல வண்டிய ஏத்துங்க" என்றார் புருஷன்.

ஊசியக்கா எழுந்து நொண்டி நொண்டிப் போய், வண்டியிலிருந்து சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் தன் கையால் சம்பாதித்தவள், தன் விடுப்பில், தான் வாங்கிய கூடாரத்தோடு, தான் கண்டுபிடித்த வழியில், மூட்டை மாதிரி கட்டிக்கொண்டு வரப்பட்டிருக்கிறாள். அவள் ஓட்டுவதைவிட லாரியில் ஏற்றுவது மேல் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றுகிறது.

"லாரியில நீங்க ஏறுங்க. வண்டி வராது" என்றாள்.

"என்னம்மா?" என்று ஓட்டுநர் காதைக் கொடுத்தார். அவ்வளவு மெதுவாகப் பேசியிருந்தாள்.

"உங்களச் சொல்லலண்ணே. வண்டிய ஏத்த வேணாம். ஆள் மட்டும்தான்."

"சாவியக் குடு" என்றார் புருஷன்.

"என் கால் வண்டிக்கு அடியில இருந்துச்சு. நீங்க ஹேண்டில் பாரைப் பிடிச்சீங்க." என்றாள். கூடாரப் பையையும் மிச்சமிருந்த துணிப் பையையும் பின் இருக்கையில் வைத்துக் கயிற்றால் இறுக்கினாள்.

கிளப்பியதும் வண்டி துள்ளி நின்றுவிட்டது. மறுபடியும் நின்றது. எத்தனையோ வருடத்துக்கு முன்பு மைதானத்தில் ஓட்டியது, கை மறந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் 'க்ளுக்' என்று சிரித்தது காதில் விழுந்தது. அந்தச் சிரிப்புக்காகவே மறுபடியும் உதைத்தாள். இந்த முறை கிளட்சை மெல்ல விட்டாள், வண்டி நகர்ந்தது. பாலத்தருகே நிறுத்தி, இறங்கி, தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்துவிட்டதை நடந்து பார்த்து உறுதிசெய்துகொண்டாள். காலால் பாசியைத் தடவித் தடவி, பிடிப்பான இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கடந்தாள். பின்னால் புருஷன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தடவைகள் குறைவு. திரும்பிப் பார்க்கவில்லை.

மலைப்பாதையில் ஏற ஏற அவள் வாய் ஓயவில்லை. தலைக்கவசத்துக்குள்ளேயே திட்டினாள். முதலில் புருஷனை. அடுத்த வளைவில் மருந்துக்கடைக்காரரை. பிறகு, வண்டி ஓட்டியதற்குத் தன்னை விட்டுவிட்டு அண்ணனை அடித்த அப்பாவை; ஓட்டியது நான்தானே, என்னை ஏன் ஒரு பொருட்டாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்று. "எப்படியோ போறீங்க இல்ல" என்ற மகளை. கடைசியில் பாலத்தின் மேல் பேசாமல் ஏறி உட்கார்ந்த தன்னையும் ஒரு பிடி பிடித்தாள். கோபம் ஒரு ஆளோடு நிற்கவில்லை. அதற்குள் மேகம் இறங்கி வந்து பாதையை மூடியது; கொண்டை ஊசி வளைவு ஒன்றில் எதிரே பேருந்து முழு அகலத்துக்கும் வந்தபோது திட்டை நிறுத்திவிட்டு வண்டியைக் கவனித்தாள்.

காட்டின் எல்லையில் சோதனைச் சாவடி. தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வனக்காவலர் உட்கார்ந்திருந்தார். மூன்று வாலிபர்கள் அவளுக்கு முன்னால் ஆளுக்கொரு வண்டியில் வந்து நின்றார்கள். கட்டை உயர்ந்தது, போனார்கள். இவளைப் பார்த்ததும் கட்டை இறங்கியது.

"கூட யாரும் வரலையா?"

"இல்ல."

"வீட்டுக்காரர் நம்பர் குடுங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு விடறேன்."

"முன்னாடி போனாங்களே மூணு பேர், அவங்க பொண்டாட்டிங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

காவலருக்குச் சுருக்கென்றது. "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். யானை நடமாட்டம் இருக்கு."

"அவங்களுக்கு மட்டும் யானை ஒதுங்கிப் போயிடுமா?"

அவர் அசையவில்லை. அவளும் அசையவில்லை. கடைசியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கட்டைக்கு நேர் எதிரே, அவர் நாற்காலியிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லாத புல்தரையில் கூடாரத்தை அடித்தாள். ஒவ்வொரு முளையையும் கல்லால் ஓங்கி ஓங்கி அறைந்தாள். ஒவ்வொரு அடிக்கும் காவலர் நெளிந்தார். மழை பிடித்தது. சாவடியில் பெஞ்சு இருக்கிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்று அவர் கூப்பிட்டார். அவள் கூடாரத்தின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே ஈரத் துணியும் ரொட்டியும் எரிகிற காலும்தான் துணை. தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. கடைக்காரர் செய்த சத்தியம் பொய்யாகவில்லை.

காலையில் காவல் மாறியிருந்தது. புதிதாக வந்தவர் தூக்கக் கலக்கத்தில், வண்டியையும் பார்க்காமல் ஆளையும் பார்க்காமல் கட்டையைத் தூக்கிவிட்டார். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

காட்டுக்குள் இன்னும் சில தடவை கூடாரம் போட்டாள். பயந்தாள், அதில் ஒளிவுமறைவு இல்லை. மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் மூச்சு நின்றுவிடும். காலையில் காலணியைக் கவிழ்த்தால் அட்டைகள் உதிரும். எண்ணெய்க் கசிவா ஈரமா என்று தெரியாமல் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் தப்பான வழியில் இறங்கி, மதியம் வரைக்கும் ஏறியதெல்லாம் வீணாகிப்போனது. ஆனால் இடதுபுறமும் வலதுபுறமும் இப்போது அவளுடையவை. ஒரு திருப்பத்தில் அருவி தெரிந்தது. நிறுத்த வேண்டுமென்று தோன்றியது, நிறுத்தினாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை வருடம் ஆனதே என்று மறுபடியும் ஆத்திரம் வந்தது. அருவியை ஆத்திரத்தோடுதான் பார்த்தாள். அப்படிப் பார்த்தும் அது நன்றாகத்தான் இருந்தது.

மறுபக்கக் கடலுக்கு ஒரு பிற்பகலில் போய்ச் சேர்ந்தாள். சூரியன் நிலத்தின் மேல் இறங்காமல் தண்ணீரின் மேல் இறங்கியது. மற்றபடி அதே கடல்தான். உப்புத் தண்ணீர் தீக்காயத்தில் பட்டதும் உயிர் போகிற மாதிரி எரிந்தது. கரையில் உட்கார்ந்து, அழுகை வருமா என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. பசிதான் வந்தது. தெருமுனைக் கடையில் சோறும் பொரித்த மீனும் வாங்கி இரண்டாவது தடவையும் போடச் சொல்லிச் சாப்பிட்டாள். மகளுக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினாள். "அப்பா பத்திரமா வந்துட்டார். கையில மாவுக்கட்டு. நீ எப்ப வருவ?" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "அவசரமில்ல. மெதுவா வா."

திரும்பி வரும்போது வேறு வழியாக, தாழ்வான சாலையில் வந்தாள். வண்டியும் அவளும் சேறு பூசிய ஒரே சிலையாக மாடிப்படிக்குக் கீழே நின்றபோது, மேலே வீட்டில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. கை முறிந்தவரைப் பார்க்க நாத்தனாரும் அவள் புருஷனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். படியேறும்போதே புருஷன் குரல் தெளிவாக வந்தது.

"எத்தனை நாளைக்குத்தான் பின்னாடியே உக்காந்திருப்பா? போய்ப் பழகட்டும்னு நான்தான் வண்டியக் குடுத்து அனுப்பினேன்."

"உன் மனசு யாருக்கு வரும்ணா?" என்றாள் நாத்தனார்.

ஆற்றில் விழுந்தபோது வந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உள்ளே நுழைந்தாள். எல்லோரும் வாய் நிறைய வரவேற்றார்கள். கொடுத்து வைத்தவள் என்று பக்கத்து வீட்டம்மா கன்னத்தைத் தொட வந்தாள். ஊசியக்கா பையைக் கீழே வைத்தாள்.

"அவர் அனுப்பல. சாவியக் கேட்டார், நான் குடுக்கல. அவர் லாரியில போனார்" என்றாள். கிட்டத்தட்டக் கிசுகிசுப்புதான். ஆனால் கூடத்தில் காற்றாடியின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாததால் மூலைவரைக்கும் கேட்டது.

நாத்தனார் முதலில் சமாளித்துக்கொண்டாள். "என்ன அண்ணி, நாலு பேர் முன்னாடி? புருஷன விட்டுக்குடுத்துப் பேசலாமா?"

"அவர் என்னை விட்டுக்குடுத்தப்ப பாலத்துல நாலு பேர் இல்ல. அதனால உனக்குத் தெரியல." சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் வெளியே வந்தபோது நாற்காலிகள் காலியாகியிருந்தன.

அதன் பிறகு அந்த வீட்டில் பல நாள் உப்பு போதுமா, கேஸ் வந்ததா என்கிற அளவில்தான் பேச்சு ஓடியது. புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மாவுக்கட்டுக் கையால் தலை சீவ வராது, மகள் சீவிவிட்டாள். ஊசியக்கா பழையபடி விடியற்காலையில் ரத்தம் எடுக்கப் போனாள். மோட்டார்சைக்கிள் சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. அவர் கேட்கவில்லை, அவள் கொடுக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை துடைப்பதை மட்டும் அவர் விடவில்லை. ஒற்றைக் கையால் துடைத்தார். ஆனால் மலையில் விழுந்த கீறல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் வாய் திறக்கவில்லை.

கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, அவள் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உன்னைத் தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சோன்னு நினைச்சேன். பயத்துல என்ன பேசறதுன்னு தெரியல."

"பயந்தா பயந்தேன்னு சொல்லணும். கத்தக் கூடாது."

"அதான் இப்ப சொல்றேன்ல."

"ஆள் வந்து கேட்டப்ப சொல்லியிருக்கலாம். அப்ப வேற கதை சொன்னீங்க."

அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்புதான்" என்றார். அது உண்மையாகவே வந்த வார்த்தை என்று அவளுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டதும் கோபம் கரைந்துவிடும் என்றுதான் அவளும் எதிர்பார்த்தாள். கரையவில்லை. ஒரு வார்த்தைக்குக் கரைகிற கோபமாக இருந்திருந்தால் இவ்வளவு வருடம் உள்ளே கிடந்திருக்காது. மடித்த துணியில் அவருடையதை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். முன்பெல்லாம் அலமாரியில் அவளே அடுக்கி வைப்பாள். அவர் எடுத்துக்கொண்டு போய் அடுக்கினார்.

அடுத்த வருடம் விடுப்பு சேர்ந்ததும் மறுபடியும் எழுதிக் கொடுத்தாள். இந்த முறை வடக்கே, சதுப்பு நிலங்கள் வழியாக. "நானும் வரட்டுமா? வேணும்னா மருந்துக்கடைக்காரன் வண்டிய வாங்கிக்கறேன்" என்று புருஷன் கேட்டார். முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் யோசித்துப் பார்த்தாள், பாவமாகக்கூட இருந்தது.

"வேணாம்" என்றாள்.

"ஏன்?"

"எனக்கு இன்னும் கோபம் போகல."

அவர் தலையாட்டிவிட்டு, சங்கிலிக்கு எண்ணெய் போட்டாயா என்று கேட்டார். நேற்றே போட்டாகிவிட்டது என்றாள். கூடாரத்தைப் பின் இருக்கையில் கட்டி, கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, அவள் கிளம்பினாள்.